காய்ந்த தீனி

சாப்பாடு என்றால் காய்ந்ததாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். பொரி, வறுகடலை, முறுக்கு, மொறுமொறுவென்று சுட்ட ரொட்டி, இவை இருந்தால் எனக்குப் போதும். குழம்பை ஊற்றிப் பிசைந்து, விரலிடுக்கில் வழிய வழிய அள்ளித் தின்கிறவர்களைப் பார்த்தால் எழுந்து வெளியே போய்விடுவேன். பெருமைக்காகச் சொல்லவில்லை, ஐயா. சிலருக்குப் பூரானைக் கண்டால் ஆகாது, எனக்கு ஈரத்தைக் கண்டால் ஆகாது. முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். முதல் இதுதான்.

என் பெயர் ஒச்சப்பன். போடிமெட்டுக்குக் கீழே சோலைமலை முதலாளியின் ஏலத்தோட்டத்தில் ஸ்டோர்காரனாக இருந்தேன். ஸ்டோர் என்பது பச்சை ஏலக்காயைக் காய வைக்கிற கட்டடம். ஜன்னல் இல்லாத நீளமான அறை. அடுப்பு வெளியே இருக்கும். அதன் சூடு பெரிய தகரக் குழாய்களில் அறைக்குள் சுற்றி வரும். குழாய்களுக்கு மேலே கம்பிவலைத் தட்டுகளில் காய் கிடக்கும். சுவரின் அடியில் ஈரக்காற்று வெளியேற ஒரு பொந்து உண்டு, பூனை நுழைகிற அளவுக்கு. ஈரமாக உள்ளே போனது கலகலவென்று வெளியே வரும். எனக்கென்றே அமைந்த வேலை.

இந்த வேலையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. தீ மூட்டிய பிறகு, காய் வதங்கி நிறம் பிடிக்கும்வரை கதவைத் திறக்கக் கூடாது. நடுவில் திறந்தால் மலைக்குளிர் உள்ளே புகுந்து பச்சை வெளுத்துப்போகும். வெளுத்த காயை ஏலத்துக்குக் கொண்டுபோனால் வியாபாரிகள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். எங்கள் ஸ்டோரில் முதலாளியே வந்து நின்றாலும் அந்தக் கதவு திறக்காது. இதை நினைவில் வைத்துக்கொண்டு மீதியைக் கேளுங்கள்.

இந்த எண்பத்தொன்றாம் வருஷம் ஆவணியில் முதலாளி அந்தக் குட்டியைக் கொண்டுவந்தார். மதுரையில் வாங்கிய அல்சேஷன். எங்கள் ஸ்டோரில் அதற்கு முன்பு காவலுக்கு ஒரு நாட்டு நாய் இருந்தது. திருட வந்தவன் ஒரு கருவாட்டுத் துண்டை வீசினான், அது வாலை ஆட்டிக்கொண்டு அவன் பின்னாலேயே போய்விட்டது. அந்தக் கோபம் முதலாளிக்கு ஆறவே இல்லை. கொச்சியில் கப்பல்காரர் ஒருவரிடம் சொல்லிவைத்து, ஒரு பெரிய டின் நிறையச் சீமை நாய்த் தீனியும் வாங்கி வந்திருந்தார். புளியங்கொட்டை அளவில், பழுப்பாக, வாசனையே இல்லாமல், கல்லைப்போலக் காய்ந்த தீனி. பார்த்தவுடனே எனக்குப் பிடித்துப்போயிற்று.

"ஒச்சப்பா, எவன் சோத்தக் காட்டுனாலும் இது மோந்து பாக்கக் கூடாது. ஓங்கையால இதத் தின்னாத் தின்னணும், இல்லேன்னாப் பட்டினி கெடக்கணும். அடுத்து நான் மேல வர்றப்ப ஓங்கையில தின்னுக்கிட்டு இருக்கணும். இல்லேன்னா ஸ்டோருக்கு வேற ஆளு பாத்துக்கிர்றேன்" என்றார்.

சொன்னால் செய்கிறவர். எனக்கு வேறு தொழில் தெரியாது, கீழே போய் நிற்க இடமும் இல்லை. அதனால் குட்டி தின்பதில்தான் என் பிழைப்பு இருந்தது.

குட்டி தின்னவில்லை. அதற்கு டைகர் என்று பெயர். நான் கையில் வைத்து நீட்டுவேன். மோந்து பார்த்துத் தும்மும். ஒரு வில்லையை வாயில் வாங்கும், அங்குமிங்கும் உருட்டும், பிறகு என் காலடியில் மெதுவாக வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்கும். கோழை படிந்து பளபளத்துக் கிடக்கிற அந்த வில்லையைக் காகிதத்தால் எடுத்து எறிவதற்குள் எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். ஆனாலும் பொறுமையாக இருந்தேன். கை ஓங்கியதில்லை. பசி வந்தால் தானாகத் தின்னும் என்று விட்டேன்.

பசி வர விடவில்லை மருதாயி. காய் எடுக்கிறவள், கன்னையனின் மனைவி, ஸ்டோரை அடுத்து வேலையாட்கள் குடியிருக்கிற லயத்தில் இருந்தாள். நல்ல பெண்தான். அவளைப் பற்றிக் குறையாக எதுவும் சொல்ல மாட்டேன். அவள் வாயைத் தவிர.

நான் தீனியோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து ஒருநாள் வந்து நின்றாள்.

"அதுக்குப் பால்பல்லுண்ணே. இந்தக் கல்ல எப்படிக் கடிக்கும்? கஞ்சித்தண்ணில ஊறப்போட்டுக் குடுங்க, வெரசாத் தின்னுரும்."

"இது சீமைத் தீனி. ஊறப்போட இதென்ன கொண்டக்கடலையா?"

"அப்ப மென்னு குடுங்க. எங்காத்தா எங்களையெல்லாம் அப்படித்தான் வளத்துச்சு. நாங்க என்ன கெட்டாப் போனோம்?"

சிரித்துக்கொண்டே சொன்னாள். அன்று சாயங்காலமே அதைச் செய்தும் காட்டினாள். லயத்து வாசலில் தட்டோடு உட்கார்ந்து, கருவாட்டையும் சோற்றையும் வாய் நிறையப் போட்டு மென்றாள். இரண்டு விரலை உள்ளே விட்டு எடுத்தாள். சாம்பல் நிறத்தில் ஒரு உருண்டை, உதட்டிலிருந்து விரல்வரை எச்சில் நூலாக இழுத்தது. குட்டி பாய்ந்து வந்து அதை விழுங்கியது, விரலையும் முட்டிவரை நக்கியது. அவள் அந்தக் கையைச் சேலையில் துடைத்தாள். துடைத்த கையாலேயே அதே தட்டிலிருந்து அள்ளித் தின்றாள். அன்றும் மறுநாளும் என்னால் ஒன்றும் சாப்பிட முடியவில்லை. பொரியை வாயில் போட்டாலும் அந்த நூல்தான் ஞாபகம் வந்தது.

கன்னையனைக் கூப்பிட்டு, "ஓம் பொஞ்சாதியச் சொல்லி வையி" என்றேன். அவன், "நாயி என்னத்தத் தின்னா ஒங்களுக்கென்னண்ணே, தின்னுட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு விறகு பிளக்கப் போய்விட்டான். நியாயமாகப் பேச வேண்டிய இடத்தில் பேசிப் பார்த்துவிட்டேன் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பிறகு குட்டியைப் பகலில் ஸ்டோருக்குள் அடைத்தேன். தீ இல்லாத நேரத்தில் அது வெறும் அறைதான். தீனியைக் கிண்ணத்தில் வைத்து, பக்கத்தில் தண்ணீர் வைத்துச் சாத்திவிடுவேன். குட்டி முனகும். விலா எலும்பு தெரியத் தொடங்கியது. எப்படியும் இறங்கி வந்துவிடும் என்று எனக்கு நம்பிக்கை வந்த சமயம், ஒரு மத்தியானம் தட்டுகளைச் சரிபார்க்க நான் உள்ளே நின்றேன். சுவரடிப் பொந்து வழியாக ஒரு கை நுழைந்தது. கை மட்டும். விரல் நுனியில் மென்ற சோறு. அது இருட்டில் இப்படியும் அப்படியும் தடவியது. குட்டி ஓடிப்போய் அதை வழித்து வழித்து நக்கியது. அந்தச் சத்தம் கேட்டு நான் அங்கேயே வாந்தி எடுத்தேன். அவள்மேல் எனக்கு வெறுப்பு வந்தது அப்போதுதான். மறைக்க விரும்பவில்லை.

பொந்தின்மேல் கம்பிவலை வைத்து, வெளியிலிருந்து ஆணி அடித்தேன்.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். சனிக்கிழமை மத்தியானத்தோடு காய் எடுப்பு முடிந்துவிடும். லயத்துச் சனம் அத்தனையும் ஜீப்பில் போடிக்கு இறங்கும். ஞாயிற்றுக்கிழமை முதலாளி மேலே வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். கன்னையன் முதல் ஜீப்பில் ஏறிவிட்டான், மனைவி அடுத்ததில் வருவாள் என்று நினைத்திருக்கிறான். இறங்குகிற அவசரத்திலும் அவளுக்குக் குட்டியின் நினைப்பு. இரண்டு நாள் பட்டினி கிடக்குமே என்று தோன்றியிருக்கும்.

எடுத்த பச்சைக் காயைக் காத்திருக்க வைக்க முடியாது, சனிக்கிழமை என்று அதற்குத் தெரியாது. தட்டுகளில் பரப்பிவிட்டு விறகு எடுக்கப் போனேன். குட்டி உள்ளே ஒரு மூலையில் கிடந்தது. தீ மூட்டும் முன் வெளியே எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். நான் திரும்பி வந்தபோது கதவு ஒருக்களித்திருந்தது. காற்றில் திறந்திருக்கும் என்று நினைத்துச் சாத்தினேன், உள்ளே ஆள் இருப்பது தெரியாது என்று நேற்று ஏட்டையாவிடம் சொன்னேன். அது பொய். கருவாட்டு வாசனை வாசல்வரை வந்தது. தட்டுகளுக்குப் பின்னால் மெல்லுகிற சத்தம் கேட்டது. "தின்னு அப்பு, தின்னு. வெளிய ஒரு மனுசன் இருக்காரு, அவரும் இப்படித்தான் காஞ்சு கெடக்காரு" என்று அவள் சொன்னதும் கேட்டது.

கதவைச் சத்தமில்லாமல் இழுத்துச் சாத்தினேன். இரும்புப் பட்டையைப் போட்டேன். பிறகு அடுப்பை மூட்டினேன். தீ மூட்டியாயிற்று என்றால் கதவு திறக்காது. அவளும் அந்தத் தோட்டத்தில் வேலை பார்த்தவள்தான், அவளுக்கும் அது தெரியும்.

முதலில் தட்டினாள். "அண்ணே, நான் உள்ள இருக்கேன்ணே" என்றாள். நான் விளையாடுகிறேன் என்று நினைத்தாளோ என்னவோ, குரலில் சிரிப்புக்கூட இருந்தது. கொஞ்ச நேரத்தில் சிரிப்பு இல்லை. குழாயில் ஓரிடத்தில் விரிசல் இருந்தது, அதில் புகை கசியும். அதை மாற்றச் சொல்லி முதலாளியிடம் போன வருஷமே சொன்னேன், அவர் தள்ளிப்போட்டார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பொழுது சாயும் நேரம். பொந்தில் கம்பிவலை அசைந்தது. உள்ளேயிருந்து கையால் இடித்து இடித்து ஆணியைப் பெயர்த்துவிட்டாள். அவள் வெளியே வர அந்தப் பொந்து போதாது என்பது அவளுக்கே தெரிந்திருக்கும். குட்டிதான் வந்தது. தலை முதலில், பிறகு உடம்பு, பின்னால் அதைத் தள்ளிவிட்ட கை. விரல்களில் தோல் இல்லை. "அதையாச்சும் பாத்துக்கங்கண்ணே" என்று உள்ளேயிருந்து கேட்டது. பிறகு கை உள்ளே போய்விட்டது.

குட்டி ஆவியில் நனைந்து நடுங்கிக்கொண்டு என்னிடம் வந்தது. என் சட்டைப்பையில் தீனி இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். தின்றது, ஐயா. என் கையிலிருந்து, ஒவ்வொன்றாக, வால் ஆட்டிக்கொண்டு தின்றது. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்வது. கதவு இன்னும் அதிர்ந்துகொண்டுதான் இருந்தது. நான் எழுந்து போயிருந்தால் குட்டி மிரண்டிருக்கும், இத்தனை நாள் பாடுபட்டதெல்லாம் வீணாகியிருக்கும். அதனால் அது வயிறு நிறைகிறவரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அது தூங்கிப்போனபோது கதவிலும் சத்தம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை முதலாளி வந்தார். குட்டி என் கையில் தின்பதைப் பார்த்து முதுகில் தட்டிக்கொடுத்தார். அவர் முன்னால்தான் கதவைத் திறந்தேன். காய் கிளிப்பச்சையாக இறங்கியிருந்தது. ஒரு கை அள்ளிப் பார்த்துத் தலையாட்டினார். அதன் பிறகுதான் பொந்துப் பக்கம் பார்த்தார்.

கதவைச் சாத்தியது நான். தீ மூட்டியது நான். அவள் உள்ளே இருப்பது தெரிந்தே செய்தேன். இதையெல்லாம் அப்படியே எழுதிக்கொள்ளலாம், கையெழுத்துப் போடுகிறேன். கன்னையனை வரவழைத்து வாசித்துக் காட்டினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஒன்று மட்டும் நீங்கள் யாரும் கேட்கவில்லை. அதுவரை ஒரு வில்லையைக்கூடக் கடிக்காத குட்டி அன்றைக்கு மட்டும் எப்படித் தின்றது என்று. கேட்காததால் சொல்லாமல் விட்டிருக்கலாம், ஆனால் மனது அரிக்கிறது. அது முதல் வில்லையைத் துப்பியது. இரண்டாவதையும் துப்பிவிட்டுப் பொந்துப் பக்கம் திரும்பிப் பார்த்தது. அங்கே போய்விடுமோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. தீனியை என் வாயில் போட்டு மென்றேன். கூழாகும்வரை மென்று, இரண்டு விரலால் எடுத்துக் கொடுத்தேன். என் கையை முட்டிவரை நக்கியது. மறுநாள் முதலாளி முன்னால் அது தின்றதும், அவர் வரும்போதே நான் மென்று கைக்குள் மறைத்து வைத்திருந்ததைத்தான்.

ஐயா, கும்பிட்டுக் கேட்கிறேன், அதை மட்டும் எழுத வேண்டாம்.