மருமகனுக்கு ஒரு துவக்கு

வெள்ளவத்தையில் நல்ல கத்தரிக்காய் வேண்டுமென்றால் காலை ஏழு மணிக்கு முன்னர் சந்தைக்குப் போய்விட வேண்டும், ஐயா. பிந்தினால் சொத்தைதான் மிச்சம். பார்த்து வாங்குவதில் நான் கெட்டிக்காரன் என்று சொந்தக்காரர் எல்லோரும் சொல்வார்கள். பிரிட்ஜ் வாங்கினாலும் என்னைக் கேட்பார்கள், மின்விசிறி வாங்கினாலும் என்னைக் கேட்பார்கள். மருமகன் கஜீவன் துவக்கு வாங்கும்போதும் என்னைத்தான் கேட்டான்.

புத்தளத்துப் பக்கம் அவனுக்கு ஒரு தென்னந்தோட்டம் இருந்தது. காட்டுப்பன்றி கன்றுகளைக் கிளறுகிறது என்று எழுதிக் கொடுத்து துப்பாக்கி லைசென்ஸ் எடுத்தான். உண்மையில் அவனுக்குத் தேவைப்பட்டது வேட்டையும், ஞாயிற்றுக்கிழமைகளில் தகரப் பேணிகளை அடுக்கி வைத்துச் சுடும் சந்தோசமும்தான்.

நான் பிறவிச் சைவம். மனைவி போன பிறகு மகள் ரூபிகாவின் பிளாட்டில் இருந்தேன். துவக்கு வாங்க முன்னரே கஜீவன் கூட்டாளிகளோடு போய்ப் பன்றி இறைச்சி கொண்டு வருவான். பிரிட்ஜில் என் தயிர்ச் சட்டிக்கு மேல்தட்டில் வைப்பான். ஒருநாள் அந்தச் சட்டி மூடியில் மூன்று சொட்டு இரத்தம் கிடந்தது. நான் சைவமாக வளர்த்த பிள்ளை, அவனுக்குப் பக்கத்தில் இருந்து எலும்பு உறிஞ்சினாள். அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு ஓங்காளம் வரும். சீ, இப்போது சொல்லும்போதும் வருகிறது.

ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "தம்பி, உந்த இறைச்சியை வெளியில சாப்பிட்டிட்டு வாருங்கோவன்."

"மாமா, ஒரு துண்டு வாயில போட்டுப் பாருங்கோ, பிறகு விடமாட்டியள்," என்று சிரித்துக்கொண்டு கொழுப்புக் கையால் என் தோளில் தட்டினான். அந்தச் சேர்ட்டை எறிந்துவிட்டேன். கெட்டவன் என்று சொல்லமாட்டேன். கண் கிளினிக்குக்கு என்னைக் கூட்டிப் போனவன் அவன்தான்.

லீவர் வைத்த ரைபிள்தான் வேண்டும் என்று நின்றான். கீழே இருக்கும் லீவரை இழுத்து மூடினால் தோட்டா ஏறும், பின்னால் உள்ள சுத்தியலும் நிமிரும். சுடாமல் விடுவதென்றால் பெருவிரலால் சுத்தியலைப் பிடித்து, விசையை அழுத்தி, மெல்ல இறக்க வேண்டும். விரல் வழுக்கினால் வெடிக்கும். இரண்டு வாரம் இன்டர்நெட்டில் இருந்து படித்தேன்.

கடைக்காரர் ஸாலிஹ் நல்ல மனிதர். "சேர், புதுசுல சேஃப்டி ஈக்கி. பழைய மொடல்ல அது இல்ல. புதுசையே எடுங்க," என்றார்.

நான் பழையதை எடுத்தேன். கஜீவன் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

துவக்கோடு ஒரு கையேடு தந்தார்கள். கஜீவன் வாசிக்கப் பஞ்சிப்படுகிற ஆள். "மாமா, நீங்கள் பாத்துச் சொல்லுங்கோ, நான் செய்யிறன்," என்றான். சுத்தியலை இறக்கும்போது குழலை ஆளில்லாத பக்கம் நிலத்துக்குத் திருப்பு என்று அதில் எழுதியிருந்தது. ஜீப்பில் இருந்துகொண்டு துவக்கை முழங்கால்களுக்கு நடுவில் நிமிர்த்தி வை, அப்போதுதான் கை ஆடாது என்று நான் சொன்னேன். அப்படி வைத்தால் குழல்வாய் நாடிக்கு, முகத்துக்கு நேரே வரும். இரண்டு முறை பத்திரமாக வந்தான். மூன்றாம் முறை தோட்டத்திலேயே இறைச்சி சுட்டுத் தின்றிருக்கிறார்கள். கையைத் துடைக்காமலே ஜீப்பில் ஏறியிருக்கிறான். கொழுப்பு விரலில் சுத்தியல் வழுக்கிவிட்டது. துவக்கு விபத்து என்று எல்லோரும் நம்பினார்கள்.

செத்த வீட்டில் முப்பத்தொரு நாள் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் அடுப்பில் ஏறாது, அதற்குள் ரூபிகாவுக்கும் பழையபடி சைவம் பழகிவிடும் என்று கணக்குப் போட்டேன். அங்கேதான் பிழை விட்டேன். எட்டாம் நாள், செத்தவன் விரும்பித் தின்றதைச் சமைத்துப் படைப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். சைவக்காரரான எங்கள் குடும்பத்தில் அது வடை, பாயசத்தோடு முடிந்துவிடும். அதனால் எனக்கு அந்த யோசனையே வரவில்லை.

"என்ர பிள்ளைக்கு மச்சம் இல்லாமல் என்ன எட்டு?" என்றாள் கஜீவனின் தாய். அவன் கடைசியாகக் கொண்டுவந்த பன்றி இறைச்சியில் பாதி பிரிட்ஜில் கிடந்தது. ரூபிகா அதை எடுத்துத் தன் கையாலேயே பிரட்டிச் சமைத்தாள். வீடு முழுக்க அந்த நாற்றம். ஓங்காளித்து என் கண்ணால் தண்ணீர் ஓடியது. அழுகிறேன் என்று நினைத்துவிட்டாள் பாவி. ஓடி வந்து, இறைச்சி பிசைந்த கையால் என் முகத்தைத் துடைத்து, "அப்பா, அழாதேங்கோ அப்பா," என்றாள்.

"தொடாதை. இந்த நாத்தத்தை நிப்பாட்டத்தானே அவனுக்கு அப்பிடிச் சொல்லிக் குடுத்தனான்," என்றேன். வீடு நிறையச் சனம். எல்லோருக்கும் கேட்டது.

ரூபிகா அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை. அவளுக்கும் ஒருநாள் விளங்கும். மத்தியானம் இந்தப் பொலிஸ் ஸ்டேஷனில் நீங்கள் தந்த சோற்றுப் பார்சலில் கருவாடு இருந்தது, திருப்பித் தந்துவிட்டேன், குறை நினைக்க வேண்டாம். இந்த அறுபத்தெட்டு வயதுக்கு நான் ஒரு உயிரைத் தின்றதில்லை, ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.