நாப்பதுக்கு மேல, ஆம்பளைங்க மட்டும்

இன்னா டாக்டர் தம்பி, இந்தக் கேம்ப்ல நாப்பது தாண்டுன ஆம்பளைங்க வாய மட்டுந்தான் பாப்பீங்களா? வாய்ப்புத்து இன்னா, ஆதார் கார்டு பாத்துட்டா வருது?

சிரிக்காதீங்க. எனக்கு வயிறு எரியுது.

தெரியும், நானும் படிச்சிக்கீறேன். பொம்பளைங்கள விட ஆம்பளைங்களுக்கு ஜாஸ்தி. வயசு ஏற ஏற இன்னும் ஜாஸ்தி. யாரு இல்லன்னு சொன்னா? ஒருத்தருக்கு ஜாஸ்தின்னா மத்தவங்களுக்கு வராதுன்னா அர்த்தம்? நம்ம நந்திதுர்க் மைன்ஸ் பக்கம் வெயிலு ஜாஸ்திதான். அதுக்குன்னு மத்த ஊர்ல கொடை விக்கிறவன் கடைய சாத்திட்டானா?

பேனர்ல ஹெல்மெட்டு போட்ட மீசக்காரர நிக்க வெச்சிக்கீறீங்களே, அச்சு அசல் எங்க நைனா. தங்கச் சொரங்கத்து ஷாஃப்டுக்குள்ள பீடி பத்த வெக்கக் கூடாது, அதனால கன்னத்துல பொகையில. சரி, கரெக்டு. எங்கம்மா? காலைல எழுந்தா மூக்குப்பொடிய எடுத்து ஈறுல தேச்சிக்கினாத்தான் அடுப்பே பத்தும். இந்த மைன்ஸ் லைன் வீடுங்கள்ல பாதி பொம்பளைங்க அப்படித்தான். பொகையில போடுவீங்களான்னு நீங்க கேட்டுப் பாருங்க. ஐயய்யோ, அந்தக் கருமம்லாம் தொடவே மாட்டேன்னு மாரியம்மா மேல சத்தியம் பண்ணுவாங்க. பொய் இல்ல தம்பி. அவங்களுக்கு அது பல்லுவலி மருந்து.

வயசானவங்க பழக்கமா? அது சரி! விடிகாலம் பெங்களூர் ட்ரெய்ன்ல ஏறிப் பாருங்க. கார்மென்ட்ஸ்ல தைக்கப் போற பொண்ணுங்க பாதிப் பேரு கைல பொடி டப்பி கீது. பசி தெரியாதாம், தூக்கம் வராதாம்.

எங்க பொண்ணு சுமாவும் அந்த ட்ரெய்ன்லதான் போனா. நாக்கு ஓரத்துல புண்ணு. டாக்டரு கேட்டாரு, பொகையில உண்டா? இல்லன்னு சொன்னா. சின்ன வயசு பொம்பள, ஒண்ணும் இருக்காது, பல்லு ஒரசுதுன்னு சத்து மாத்திர குடுத்தாரு. ஆயுத பூஜைக்கு ஆரம்பிச்ச மாத்திர, பொங்கலு போயி உகாதியும் வந்துச்சு. பொடியும் மருந்துதானேன்னு அந்தப் புண்ணு மேலயே வெச்சிக்கினு இருந்திருக்கா.

லிஸ்ட்ல எடம் இல்லயா? என் எடத்த அவளுக்குக் குடுங்க. நான் நாப்பதும் தாண்டிட்டேன், அறுபதும் தாண்டிட்டேன், மீசையும் கீது. எனக்கு ஒண்ணும் இல்ல.

அதோ, மாஸ்க் போட்டுக்கினு செவுத்தோரமா ஒக்காந்துக்கீறா பாருங்க, அவதான். அவளுக்காக ஏன் நானே பேசுறேன்னா கேக்குறீங்க? ரெண்டு விரலு நொழையற அளவுக்குக் கூட வாயி தெறக்குறதில்ல, தம்பி. ராத்திரி சாப்ட்டது கஞ்சித் தண்ணி.

எழுந்து வாம்மா சுமா. நீங்க அந்த டார்ச்ச எடுங்க.