ஆத்தோரத்து முதல் வீடு

— அதனாலதான் டீச்சரம்மா, ரப்பர் வெட்டுற கத்தியக்கூட கீழ வைக்காம நேரா பள்ளிக்கூடத்துக்கு வந்துட்டேன். எம்மவ, இந்தப் பெத்தம்மாப் புள்ளைக்கு நீங்க என்னத்தச் சொல்லிக்குடுத்தீங்க? தோட்டத்துல கட்டுன புது லயத்து வீட்டுக்குக் குடிவர மாட்டேங்கிறா.

— முதல்ல கத்தியை வெளியில வையுங்கோ இருளாண்டி. பிள்ளைகள் பயப்படுகினம். நான் பூகோளம்தான் படிப்பிச்சனான்.

— பூகோளமோ என்னமோ. கங்காணி கால்ல விழாத கொறையாக் கெஞ்சி வாங்குன வீடு அது. ஆத்தோரத்துல மொத வீடு. வாசல்ல நின்னு கைய நீட்டுனா தண்ணி. மருதமுத்து அதுக்காக எங்கிட்ட மல்லுக்கே நின்னான், கடைசில அவனுக்கு ரெண்டாவது வீடுதான் கெடச்சுது. தோட்டத்துல பூராப் பேருக்கும் எம்மேல வயித்தெரிச்சல். இவ என்னடான்னா, ஆறு வீட்டுக்குள்ள வரும்ங்கிறா.

— வரும்தானப்பா.

— நீ சும்மா கெட கழுத. பெரியவங்க பேசிக்கிட்டிருக்கோம்.

— அவள் கதைக்கட்டும். இந்த வகுப்பில இருக்கிற பெரிய பிள்ளைகளுக்குள்ள கெட்டிக்காரி அவள்தான்.

— சரி டீச்சரம்மா, ஒண்ணு கேக்குறேன். உங்க யாழ்ப்பாணத்துல ஆறு எம்புட்டுப் பெருசு?

— எங்கட ஊரில ஆறே இல்லை. எல்லாம் கிணறுதான்.

— கேட்டியாத்தா பெத்தம்மா? ஆறே இல்லாத ஊர்லருந்து வந்து ஆத்தப் பத்திப் பாடம் எடுக்குறாங்க. நான் வைகைக்கரையில பொறந்தவன், எனக்கே பாடம்.

— சிரியுங்கோ, சிரியுங்கோ. உங்கட வைகையில தண்ணி எப்ப வரும்?

— அது... வரும். வர்ற வருசம் வரும்.

— வந்தால்?

— வந்தா ஊரே கரைக்கு ஓடும். சூடம் காட்டி, தேங்கா ஒடச்சு, மஞ்சளும் பூவும் தூவுவோம். பொம்பளைங்க கொலவ போடுவாங்க. அந்த அழகெல்லாம் நீங்க பாத்ததில்ல.

— இங்கயும் அப்பா அதைத்தான் செய்யப் போறாரு டீச்சர். ஆறு நம்ம வாசப்படி வரைக்கும் ஏறி வந்தா உடைக்கணும்னு தேங்கா வாங்கி வச்சிருக்காரு.

— ஆத்துத்தாயி வீடு தேடி வந்தா வெறுங்கையோடயா அனுப்புறது?

— இருளாண்டி, தேங்காயை வாங்கிக்கொண்டு இந்த ஆறு திரும்பிப் போகாது. பின்பக்கம் வாங்கோ, ஒண்டு காட்டுறன். பெத்தம்மா, அந்தச் சாக்கை எடுத்து விடு பிள்ளை.

— என்னாது இது, களிமண்ணுல பல்லி செஞ்சு வச்சிருக்கீங்க?

— பல்லி இல்லலா. நம்ம மலாயா. எங்க வகுப்பே சேந்து செஞ்சோம். நடுவுல நீளமா ஓடுறது மலை. தெக்க இந்தத் தனியா நிக்கிறது நம்ம குனோங் லேடாங் மலை. அதுலருந்து எறங்குற கோடு நம்ம ஆறு. அது கெசாங் ஆத்துல சேந்து, இந்தா, இங்க கடலுக்குப் போகுது. இந்தத் தீப்பெட்டிங்கதான் புது லயம். இது ஆத்தோர வரிசை, அது மேட்டு வரிசை.

— எம்புட்டுச் சின்ன மலாயாவுல எம்புட்டுப் பெரிய லயம். எங்க, நம்ம வீடு எது?

— தண்ணிய ஒட்டி இருக்குதே, அந்தத் தீப்பெட்டி.

— பாக்க நல்லாத்தான் இருக்கு.

— இந்த மங்குல தண்ணி இருக்கு. நீங்களே ஊத்துங்கப்பா.

— ரப்பர்ப் பால் வடியிற மங்கு பள்ளிக்கூடத்துக்கு எப்படி வந்துச்சு? கங்காணி பாத்தா என்னைத்தான் வைவான். சரி, எங்க ஊத்தணும்? லயத்து மேலயா?

— இல்லை, மலையில ஊத்துங்கோ. லயத்தில நல்ல வெயில் எறிக்குது எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. ஒரு சொட்டு மழை இல்லை.

— அப்பறம் நமக்கென்ன பயம். மலையில பேயுற மழை மலையோட. இந்தா ஊத்துறேன். போகுது... போகுது... ஏத்தா, எல்லாம் ஒரே பள்ளத்துல வந்து விழுதே. தீப்பெட்டி போகுது பாரு, புடி, புடி.

— முதல் வீடுதான் முதல்ல போகுதுப்பா.

— அது தீப்பெட்டி, மெதக்கும். வீடு மெதக்குமா?

— வீடு மெதக்காதுலா. அதான் பயமா இருக்கு.

— கீழ கடல் பெருகி நிக்கிற நேரமெண்டால் தண்ணி வடியவும் மாட்டாது. வந்த வெள்ளம் அப்பிடியே நிண்டுடும். இருபத்தாறாம் ஆண்டு பகாங்கில எத்தினை ஊர் போச்சுது எண்டு கேள்விப்படேல்லையோ?

— நான் அதுக்குப் பொறகுதானே கப்பல் ஏறுனேன். பேசிக்குவாங்க. ஆனா பகாங் எங்க கெடக்கு, நம்ம மலாக்கா எங்க கெடக்கு.

— அப்பா, நான் ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். ஆத்தோரம் அம்புட்டு நல்ல எடம்னா மலாய்க்காரங்க ஏன் அங்க ஒரு வீடுகூட கட்டல? அவங்க ஊரு, கம்போங் பூரா மேட்டுலதானே இருக்கு?

— அது வந்து... தொரை கட்டியிருக்காரே. அவருக்குத் தெரியாதா?

— தொரை பங்களா எங்க இருக்கு?

— குன்னு மேல.

— அப்ப அவருக்குத் தெரியும் போல.

— பெத்தம்மா, வாயைக் கொஞ்சம் அடக்கு. இருளாண்டி, மேட்டு வரிசை முழுக்கக் காலியாத்தான் கிடக்கு. ஒருத்தரும் கேக்கேல்லை. போய்க் கேளுங்கோ. மழைக்காலம் வரமுதல் மாறிடுங்கோ.

— எப்படிம்மா கேக்குறது? மேட்டுல கெணறு கெடையாது, தோண்டுனா பாறைதான். தண்ணிக்கு ஆத்துக்குத்தான் எறங்கணும். எங்க ஆத்தாவுக்கு உச்சந்தலையில முடியே இருக்காது டீச்சரம்மா. கொடம் தேச்சுத் தேச்சு வழுக்க விழுந்துபோச்சு. காஞ்ச ஆத்துல ஊத்துத் தோண்டி, செரட்டையால மோந்து மோந்து ஒரு கொடம் ரொப்பிக் கொண்டாரும். எம்மவ தலையில கொடம் ஏறக்கூடாதுன்னுதான் அந்த வீட்டுக்கு அப்படி அடிச்சுக்கிட்டேன். வேற என்ன ஆச எனக்கு?

— இதை ஏன்ப்பா எங்கிட்ட சொல்லல?

— சொன்னா மட்டும் என்னா? தேங்காயக் கிண்டல் பண்ணுனவதானே நீ.

— இனிமே பண்ணமாட்டேன். எனக்கு அழுக வருதுப்பா. நான் தூக்குறேன், முடி போனா போவட்டும். அம்மாவும் இல்ல. உங்களையும் ஆறு கொண்டுபோயிட்டா நான் எங்க போவேன்?

— சரித்தா, சரித்தா. கண்ணத் தொட. மேட்டுக்கே போவோம்.

— நல்லது இருளாண்டி. மற்ற ஆக்களுக்கும் சொல்லுங்கோ. பிள்ளைகள் வீடு வீடாப் போய்ச் சொல்லியும் ஒருத்தரும் நம்பேல்லை.

— நான் சொன்னா மட்டும் நம்பிருவாங்களாக்கும். இந்தா, மருதமுத்துவே போறான். ஏய் மருதமுத்து, இங்க வா. நான் மொத வீட்ட விட்டுட்டேன், மேட்டுக்குப் போறேன். நீயும் வந்துரு. மலையில மழ பேஞ்சா ஆறு லயத்துக்குள்ள வந்துருமாம்.

— யார்கிட்ட கத வுடுற? என்னையக் கெளப்பிவுட்டுட்டு ரெண்டு வீட்டையும் சேத்து அமுக்கலாம்னு பாக்குறியா?

— இல்லப்பா. எம்மவ மேல சத்தியம்.

— காப்பிக்கடையில நீ பண்ணாத சத்தியமா.

— மருதமுத்து மாமா, இந்த மங்குத் தண்ணிய நீங்களே மலையில ஊத்திப் பாருங்க.

— போ புள்ள, மண்ணு வெளையாட எனக்கு நேரமில்ல. ஆமா இருளாண்டி, மேட்டுல தண்ணிக்கு என்னா பண்ணுவ? தாயில்லாப் புள்ளையவா தூக்க வைக்கப் போற?

— நான் தூக்குவேன்.

— யாரு?

— நான்தான். சீனன் கீரைத் தோட்டத்துக்குத் தூக்குறான்ல, அது மாதிரி. கம்புல ரெண்டு பக்கமும் தகரத்தக் கட்டி, காலையில பெரட்டுல பேர் குடுக்கப் போறதுக்கு முந்தி ஒரு நடை, வேல முடிஞ்சு வந்து ஒரு நடை.

— நீ? சோத்துத் தட்டு முன்னால இருக்கிற சொம்பக்கூட எடுத்துக் குடுக்கச் சொல்லுற ஆளு நீ. ஆம்பள தண்ணி தூக்குனா தோட்டமே சிரிக்கும்டா.

— சிரிக்கட்டும்.

— வெளையாட்டுக்குச் சொல்லலையே?

— நாளைக்குக் கம்பு வெட்டப் போறேன். வேணும்னா வந்து பாரு.

— டேய் இருளாண்டி, நீயே தண்ணி தூக்குறேங்கிறன்னா அந்த மேட்டுல என்னமோ இருக்கு. மேட்டு வரிசையில மொத வீடு எனக்கு, அடுத்தது எந்தம்பிக்கு, மிச்சத்த என் மச்சான்மாருக்குச் சொல்லி வுட்டுட்டு இப்பவே கங்காணிகிட்ட ஓடுறேன், எனக்கு முந்தி நீ போயிடாத.