பாலத்து நடுவுல பத்து மூச்சு

குடையால தட்டாதீங்கண்ணே, பிரயோசனமில்ல! சவுக்குக்கே அசையாத குதிரை, குடைக்கா அசையப்போகுது? பாருங்க, ஆத்துப் பாலத்து நட்டநடுவுல நின்னுருச்சு. பின்னால மாட்டுவண்டிக்காரன் வேற கத்துறான்... ஏய்யா, ஒனக்கு மட்டுந்தான் வாயிருக்கா?

டேசன் எங்கண்ணே ஓடிப்போகுது? போடி ரயிலுக்கு இன்னும் நேரம் கெடக்கு. தெரியும்ணே, எழுமலையில மகளுக்கு இன்னிக்குச் சாயந்தரம் பரிசம், இந்த ரயில விட்டா நாளைக்குத்தான்... ஏறும்போதே சொன்னீங்கள்ல. இந்த முகைதீன் பிச்சை வண்டியில ஏறுனவுக யாரும் ரயில விட்டதில்ல. அதாவது... போன மாசம் வரைக்கும்.

எல்லாம் அந்த ஹக்கீம் சிஹாபுதீன் பண்ண வேலை! கோரிப்பாளையத்துல பெரிய வைத்தியராம். ரெண்டு தடவ தலை கிறுகிறுன்னு வந்துச்சேன்னு போய் நின்னேன். நாடியப் புடிச்சாரு. மருந்து தருவாருன்னு பாத்தா... 'மணிக்கொருக்கா வண்டிய ஓரங்கட்டு, கண்ண மூடு, பத்து மூச்சு மெதுவா இழுத்து விடு'ங்குறாரு. மூச்சு! பொறந்த அன்னிக்கே வந்துருச்சே, அத இவரு சொல்லித் தரணுமாக்கும்? விடியக்காலம் வண்டியில ஏறுனா பொழுது சாயுற வரைக்கும் வெத்தல போடவே நேரமில்ல எனக்கு. திண்டுல சாஞ்சுக்கிட்டு நாடி பாக்குறவுகளுக்கு என்ன, சொல்லிருவாக.

வீட்டுக்காரி சபியா விடல. சரின்னு ஒரு நா நிறுத்திப் பாத்தேன். பொய் சொல்லுவானேன், நல்லாத்தாண்ணே இருந்துச்சு! பத்து மூச்சு... ஹா... நெஞ்சுக்குள்ள அம்புட்டுக் குளுமை. அப்புறம் மணிக்கு ரெண்டு, மணிக்கு நாலு... வேப்பமரத்தக் கண்டா நிறுத்துறது, பட்டாணிக்கடையக் கண்டா நிறுத்துறது. அதுவரைக்கும் குதிரை சும்மா நிக்கணும்ல? அதுக்கு ஒரு துண்டு வெல்லம். வந்துச்சு வெனை! இப்ப யாரு பெருமூச்சு விட்டாலும் டக்குனு நின்னுருது. அதுக்குத்தான் ஏறும்போதே... ஐயோ, சொல்ல மறந்துட்டேனா? பாலம் ஏறையில 'நேரமாச்சே'ன்னு நீங்கதாண்ணே மூச்ச விட்டீங்க! நான் கொற சொல்லல.

வண்டிப்பேட்டையில எனக்கு ஒரு சவாரி விடுறானுகளா? அங்க வண்டி போடுற தவசிப்பய, 'மூச்சு வண்டி வருது, அவசரமில்லாதவுக ஏறுங்க'ன்னு கூவுறான். மூணு நாளைக்கப்புறம் நீங்கதாண்ணே மொத ஆளு. அதான் மனசு விட்டுப் பேசுறேன்...

அண்ணே! ஏண்ணே எறங்குறீங்க? இருங்க, கெளம்பிரும்! நாம வாயப் பொத்திக்கிட்டு அமைதியா பத்து மூச்சு விட்டாப் போதும், பத்தாவதுல அதுவாக் காலத் தூக்கிரும். நாந்தான் அப்படிப் பழக்கி வச்சிருக்கேன். பேச்சுச் சத்தம் கேட்டா, இவனுக்கு இன்னும் முடியலபோலன்னு நின்னுக்கிட்டே இருக்கும்... முன்னாடியே சொல்லிருக்கலாம். சொன்னா நான்ல வாய மூடணும்?

ஓடுங்கண்ணே, ஓடுங்க! செருப்பக் கழட்டிக் கையில புடிச்சுக்கிட்டு ஓடுங்க!

யா அல்லா... ரயிலு ஊதிருச்சே. பொகை தெரியுதே. பாவம், பொம்பளப் பிள்ளையப் பெத்த மனுசன்... சபை கூடி உக்காந்து இவரத் தேடுமே.

...

...

அடப்பாவி... இப்பக் கெளம்புற!