மேகநாடு இரயில்வேயின் அறிவிப்புக் குரல் பற்றி நெல்சன் சொன்னது

என் பெயர் நெல்சன், வயது 46, தகப்பனார் பெயர் சாலமோன். குந்தா மின்வாரியக் குடியிருப்பில் மனைவி தபித்தாளுடன் வசித்து வருகிறேன். மின் நிலையத்தில் ஆபரேட்டராக வேலை செய்கிறேன். வெலிங்டனில் இருக்கும் பிராங்ளின் என் மனைவியின் உடன்பிறந்த தம்பி ஆவார். நான் அவரை அறைந்து, அவருடைய கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்கிப் போனதாக அவர் கொடுத்த புகாரின் பேரில் இன்று காவல் நிலையத்தில் ஆஜராகி, யாருடைய தூண்டுதலும் இன்றிச் சொல்வதாவது.

அறைந்தது உண்மை. பெட்டியைத் தூக்கியதும் உண்மை. ஏன் என்பதையும் சேர்த்து எழுதினால்தான் கையெழுத்துப் போடுவேன் என்று நான் சொன்னதால் மற்றவையும் எழுதப்படுகின்றன.

நானும் பிராங்ளினும் சில வருடங்களாகக் கம்ப்யூட்டரில் இரயில் விளையாட்டு ஒன்றை ஆடி வந்தோம். அதில் மேகநாடு என்ற மலை தேசத்தை நாங்களே உண்டாக்கி, மேகநாடு தனியார் இரயில்வே என்று கம்பெனியும் ஆரம்பித்தோம். எங்கெங்கோ இருந்து ஆட வருகிறவர்கள் எங்கள் வண்டிகளில் பயணிகளாக ஏறி இறங்குவார்கள். ஏட்டு ராஜசேகர் இந்த இடத்தில், "இல்லாத ஊர் இரயிலுக்கா இவ்வளவு அடிதடிங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

எல்லா நிலையங்களிலும் வண்டி வரவைச் சொன்னது என் மனைவியின் குரல். நான் எழுதிக் கொடுக்க, அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசியதை நேராக விளையாட்டுக்குள்ளேயே பதிவு செய்தேன். தனியாக எடுத்து வைக்கவில்லை. அதன் பிறகு தபித்தாளுக்குத் தொண்டையில் ஆபரேஷன் நடந்தது. சர்ச் பாட்டுக்குழுவில் முன்வரிசையில் நின்றவளுக்கு இப்போது வாயைத் திறந்தால் மூச்சு மட்டும்தான் வருகிறது. தினமும் வேலை முடிந்து வந்ததும் விளையாட்டில் ஒரு வண்டியைக் கொண்டுபோய் நிலையத்தில் நிறுத்துவேன். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று அவள் பழையபடி சொல்வாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

ஒற்றைத் தண்டவாளப் பாதையில், பாதை காலி என்பதற்கு அடையாளமான டோக்கனைக் கையில் வாங்காமல் டிரைவர் வண்டியை எடுக்க மாட்டார். அந்த வழக்கத்தையே எங்கள் கம்பெனிக்கும் வைத்திருந்தோம். எதையும் மாற்றும் அதிகாரம் ஒரு நேரத்தில் ஒருவரிடம் மட்டுமே இருக்கும். போகிறவர் "லைன் கிளியர்" சொல்லி அதை மற்றவருக்குக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும், வந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். இந்த விதியைப் போட்டவனே நான்தான். சொந்த மச்சினன்தானே என்று எனக்கென்று தனியாக எதையும் பிடித்து வைத்துக்கொள்ளவில்லை.

போன வாரம் மழையில் ரோட்டில் மண் சரிந்து, மாற்று ஆள் வர முடியாததால் நான் மின் நிலையத்திலேயே தங்க வேண்டியதாயிற்று. அன்று வேலைக்குக் கிளம்பும் முன்பே போனில் லைன் கிளியர் கொடுத்திருந்தேன். "நீங்க தைரியமாப் போயிட்டு வாங்க மச்சான், நான் பாத்துக்கறனுங்க" என்றார் பிராங்ளின். மரியாதையாக எழுத வேண்டும் என்பதால் இங்கே அவர் இவர் என்று எழுதப்படுகிறது.

அதன் பிறகு வீட்டுக்கு வந்து விளையாட்டைத் திறந்து பார்த்தால் எங்கள் கம்பெனியே இல்லை. வேறொரு பெரிய குழுவின் இரயில்வேயோடு சேர்த்துவிட்டிருந்தார். எல்லா நிலையத்திலும் ஒரே இயந்திரக் குரல், அதுவும் இங்கிலீஷில். மண்டல மேலாளர் என்ற பதவியோடு பிராங்ளின் பெயர் மேலே இருந்தது. போன் செய்தேன், எடுக்கவில்லை.

அதன் பிறகு பஸ் பிடித்து வெலிங்டன் போனேன். "கம்பெனி பெருசானா நல்லதுதானுங்களே மச்சான், நீங்களும் வந்து ஓட்டுங்க, யாரு வேண்டாம்னாங்க?" என்றார். அறைந்தேன். அவருடைய கம்ப்யூட்டரிலாவது பழைய குரல் மிச்சம் இருக்கும் என்று நம்பித்தான் பெட்டியைத் தூக்கினேன். இன்று இங்கே ஆள் வைத்துத் திறந்து பார்த்ததில் அதிலும் இல்லை.

அதன் பிறகு பிராங்ளின் ஆய்வாளர் முன்னிலையில், "அக்காதானுங்க அந்தக் குரலை எடுத்துறச் சொன்னாங்க" என்றார். பதவிக்காகப் பச்சைப் பொய் சொல்கிறான் என்று கத்தினேன். தபித்தாள் வரவழைக்கப்பட்டாள். ஆய்வாளர் கேட்டதற்கு ஆமாம் என்று தலையை ஆட்டினாள். பிறகு அவள் சொன்னது யார் காதுக்கும் எட்டாததால், ஏட்டு அவள் வாயருகே காதை வைத்துக் கேட்டு, உரக்கச் சொன்னார்: "பக்கத்து ரூம்ல பழைய குரல் தினமும் பேசுதாமுங்க. அதைக் கேட்டுட்டு உங்ககிட்ட இந்தத் தொண்டையோட வந்து நிக்க முடியலையாமுங்க."

அக்காவும் தம்பியும் பேசி முடிவெடுத்து, நான் வீட்டில் இல்லாத நேரம் பார்த்துச் செய்திருக்கிறார்கள். குரல் அவளுடையது. அவளே வேண்டாம் என்ற பிறகு இரயில்வே சம்பந்தமாக நான் யார் மேலும் புகார் சொல்லவில்லை. பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆனால் ஒரே வீட்டில் இருக்கிறவள் மனதில் இருந்ததை ஒரு ஏட்டு சொல்லித்தான் நான் கேட்டேன். இதை எந்தப் பிரிவில் எழுதுவீர்கள் என்று கேட்டேன். அப்படி ஒரு பிரிவு இல்லை என்றார்கள்.

மேலே கண்டதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. எல்லாம் நடந்த உண்மை.

(ஒப்பம்) சா. நெல்சன்