இடது பக்க ஜன்னல்

— அம்மா, கொஞ்சம் எதிர்ப்பக்கம் உக்காருங்க. இந்த ஜன்னல் எனக்கு வேணும்.

— தாராளமா உக்காருங்க தம்பி. எனக்கு எந்த ஜன்னல்னாலும் ஒண்ணுதான், நாலு பக்கமும் மலை பத்திக்கிட்டு எரியுறாப்ல இருக்கே. ஆத்தாடி, இலையெல்லாம் என்ன செவப்பு. எங்க வீட்டுக்காரருக்குக் கேபிள் கார்னாலே பயம். ஒசாகாவுல இருந்து முதுகொடிய பஸ்ல வந்துட்டு, கீழ உக்காந்து நூடுல்ஸ் உறிஞ்சிக்கிட்டு இருக்காரு மனுஷன்.

— இவர் என் வீட்டுக்காரர், கொஞ்சம் வெடுக்குன்னுதான் பேசுவார். தப்பா எடுத்துக்காதீங்க.

— அட, அதுல என்ன இருக்கு தங்கச்சி. என் பேரு தோகிகோ. இந்தா, இஞ்சி மிட்டாய். மேல ஏற ஏற காது அடைக்கும், அதுக்கு நல்லது. அவருக்கும் ஒண்ணு குடு.

— ரொம்ப நன்றிங்க. நான் ஃபுமி, இவர் தத்சுவோ. என்னங்க, மிட்டாய் குடுக்கிறாங்க.

— வேணாம். ஃபுமி, கண்ணாடி மேல மூச்சு விடாதே, ஆவி படியுது.

— பைனாகுலரெல்லாம் கொண்டாந்திருக்காரு. பறவை பாக்குறவரா?

— இல்லைங்க.

— அப்ப கரடியா இருக்கும். இந்தப் பக்கம் கரடி இறங்குதுன்னு டிவியில காட்டினான். எங்க வீட்டுக்காரரு அதையும் ஒரு சாக்காச் சொன்னாரு. கேபிள் காருக்குள்ள கரடி டிக்கெட் எடுத்து ஏறுமான்னு கேட்டேன் நான்.

— அம்மா, கொஞ்ச நேரம் சும்மா வர்றீங்களா.

— என்னங்க இது, பெரியவங்ககிட்ட.

— இருக்கட்டும் தங்கச்சி, நான் வாயை மூடிக்கிறேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிக்கிறேன். நம்ம நல்ல நேரம், சரியான வாரத்துல வந்திருக்கோம். இன்னும் கொஞ்ச நாள் போனா இதெல்லாம் கொட்டிடும்.

— கொட்டட்டும்.

— என்ன தம்பி அப்படிச் சொல்லிட்டீங்க?

— எவ்வளவு சீக்கிரம் கொட்டுதோ அவ்வளவு நல்லது. இந்த இலையெல்லாம் தொலைஞ்சாத்தான் தரை தெரியும்.

— தரையில என்ன தம்பி இருக்கு? தங்கச்சி, நீ ஏம்மா அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டே? நான் ஏதாச்சும் கேக்கக் கூடாததைக் கேட்டுட்டேனா?

— இல்லைங்க. எங்க பையன் இந்த மலையில காணாமப் போயிட்டான். கேய்தான்னு பேரு. ஒரே பையன். தனியாத்தான் ஏறினான். உச்சியில இருந்து ஃபோன் பண்ணி, மூடுபனி வருதும்மா, இறங்கப் போறேன்னான். அவ்வளவுதான். போலீஸ் தேடினாங்க, ஹெலிகாப்டர் வந்துச்சு. பனி விழ ஆரம்பிச்சதும் நிறுத்திட்டாங்க. அதுல இருந்து வருஷா வருஷம் நாங்க வர்றோம். நடந்து போனா அந்தப் பள்ளத்துக்குள்ள எட்டிப் பாக்க முடியாது. இதுல போனாத்தான் நேரா கீழ தெரியும்.

— ஐயோ, தங்கச்சி.

— நீங்க பாருங்க, பரவாயில்ல. எல்லாரும் சந்தோஷமாப் பாக்கத்தானே வர்றாங்க.

— இலை கொட்டினதுக்கு அப்புறம் வரலாமே?

— அப்படியும் வந்து பாத்தாச்சு. கொட்டி முடிக்கிறதுக்குள்ள காத்து பலமாகி வண்டியை நிறுத்திடுவாங்க. அப்புறம் பனி மூடிடும். பனி உருகின கையோட புதர் மண்டிடும். எல்லாத்துக்கும் நடுவுல எங்களுக்குன்னு ஒரு சந்தும் விடமாட்டேங்குது இந்த மலை.

— பிள்ளை என்ன உடுப்பு போட்டிருந்தான்?

— ஆரஞ்சு ஜாக்கெட். நான்தான் கடையில எடுத்துக் குடுத்தேன். அவனுக்குக் கறுப்புதான் பிடிச்சுது. இல்லடா, தூரத்துல இருந்து பாத்தாலும் கண்ணுல படணும்னு சொல்லி, பிடிவாதமா இதைத்தான் வாங்கினேன்.

— ஆரஞ்சா.

— ஆமாங்க. இப்ப மலை பூரா ஆரஞ்சு.

— நகரு தங்கச்சி, நானும் பாக்குறேன். எனக்குக் கண்புரை எடுத்ததுல இருந்து பார்வை துல்லியம், ஊசியில நூலே கோக்குறேன்.

— வேணாங்க. உங்களுக்கு எதுக்கு இது? ஆசைப்பட்டு வந்திருக்கீங்க.

— இதைக் கேட்டதுக்கு அப்புறம் எனக்கு என்ன ஆசை வேண்டிக்கிடக்கு? இரு, பேசாதே. ஓடை ஒண்ணு திரும்புது பாரு, அங்க ஒரு வெள்ளைப் பாறை. அதுக்குக் கீழ.

— என்ன?

— சுத்தி இருக்கிற இலையெல்லாம் காத்துல ஆடுது. அது மட்டும் ஆடலை. ஆரஞ்சாத்தான் இருக்கு.

— அது பாறைம்மா.

— ஆமாங்க, பாறைதான். துருப்பிடிச்ச மாதிரி ஒரு பாறை அங்க உண்டு.

— ரெண்டு பேரும் நான் காட்டுற பக்கம் திரும்பவே இல்லியே. பாக்காமலே சொல்றீங்க. தம்பி, அந்தப் பைனாகுலரை இப்படிக் குடுங்க.

— தாண்டியாச்சு. மரம் மறைச்சுடுச்சு.

— குடுத்திருந்தா நான் பாத்திருப்பேனே.

— மேல வந்துடுச்சு. பாத்து இறங்குங்க, வண்டி முழுசா நிக்காது. ஃபுமி, அவங்க கையைப் பிடி.

— நீங்களும் வாங்க. இங்க சூடா மிசோ சூப் விக்கிறாங்களாம். ஒரு வாய் குடிச்சுட்டுப் போகலாம். தங்கச்சி முகமே வெளுத்துப் போயிருக்கு.

— இல்லைங்க, நாங்க அப்படியே அடுத்த வண்டியில கீழ போயிடுவோம். எப்பவும் அப்படித்தான்.

— தங்கச்சி, நான் வயசானவ, நான் பாத்தது தப்பாக்கூட இருக்கலாம். இருந்தாலும் ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொல்லி வைக்கட்டா?

— சொல்லாதீங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறேன், சொல்லாதீங்க.

— சரி, சொல்லலை. என் கையை விடு. சொல்லலைம்மா. இந்த மிட்டாய்ப் பொட்டலத்தை வச்சுக்க, பூராவும் நீயே வச்சுக்க.



— நல்ல வேளை, இந்த வண்டியில நம்ம கூட யாரும் ஏறலை.

— ம்.

— பைனாகுலரை ஏங்க உறைக்குள்ள போட்டுட்டீங்க? இறங்குறப்ப வலது பக்கம் பாக்கணுமே.

— கண் வலிக்குது.

— உங்களுக்கு என்னைக்குங்க கண் வலிச்சிருக்கு? மழையிலகூட வச்ச கண்ணை எடுக்க மாட்டீங்களே. அந்த அம்மா எங்க காட்டுறாங்கன்னு திரும்பிக்கூடப் பாக்கலை நீங்க.

— நீயும்தான் பாக்கலை.

— நான் பாக்க வேண்டியதில்லைங்க.

— ஏன்?

— போன வருஷமே பாத்துட்டேன். அந்தப் பாறைக்குக் கீழதான். காத்துல மரம் ஒதுங்குச்சு, அந்த ஜாக்கெட்டும் ஒரு பூட்ஸும் தெரிஞ்சுது. நீங்க அப்ப பைனாகுலரைத் துடைச்சுக்கிட்டு இருந்தீங்க.

— எனக்கு ஏன் சொல்லலை?

— எப்படிச் சொல்லுவேன்? வேலையில இருந்து ஓய்வு வாங்கினதுல இருந்து நீங்க வீட்டை விட்டு வெளிய வர்றதே இதுக்காகத்தான். சவரம் பண்றது, சாப்பிடுறது, எல்லாம் இதுக்காகத்தான். கிடைச்சுட்டான்னு சொல்லிட்டா, மறுநாள் காலையில நீங்க எதுக்கு எந்திரிப்பீங்கன்னு எனக்குத் தெரியலை. தேடிக்கிட்டே இருக்கட்டும், இவராவது மிஞ்சட்டும்னு வாயை மூடிக்கிட்டேன். என் பிள்ளையை அங்க மழையிலயும் பனியிலயும் போட்டுட்டு வந்து, உங்களுக்குச் சோறு ஆக்கினேன். நானும் சாப்பிட்டேன். நான் ஒரு தாயாங்க?

— அழாதே, ஃபுமி.

— திட்டுங்க. ஏதாவது கேளுங்க. இப்படி உக்காந்திருக்காதீங்க.

— திட்ட என்ன இருக்கு?

— உங்களுக்குக் கோபமே வரலையா?

— வரலை. முதல் வருஷம் நான் அவனைப் பாத்த அன்னிக்கே உன்கிட்ட சொல்லியிருப்பேன். ரயில்ல வர்ற வழியெல்லாம் எப்படிச் சொல்றதுன்னு வார்த்தை தேடிக்கிட்டேதான் வந்தேன். கதவைத் திறந்ததும் நீ கோட்டைக்கூடக் கழட்டலை. கொஞ்சம் வெயில் மிச்சமிருக்கு, அவன் வந்தா படுக்கணும்னு மாடிக்கு ஓடி, அவன் மெத்தையைத் தூக்கிட்டு வந்து காயப் போட்டே.