ஊத்தை படாத சட்டை

எண்பத்தாறோ எண்பத்தேழோ, நியூசிலாந்தின் ஒக்லாந்து நகர பஸ்ஸில் தமிழ் கேட்பதே அபூர்வம். ஒரு சனிக்கிழமை பின்னேரம் பென்ரோஸ் போகிற பஸ்ஸில், என் முன்சீட்டில் இரண்டு தமிழர் இருந்தார்கள். பேஸ்போல் மாதிரியான சொஃப்ட்போல் ஆட்டம் பார்த்துவிட்டு வருகிறார்கள். ஒருவர் கிளப்பின் முதல் அணிக்கு ஆள் தெரிவு செய்கிற மாஸ்டர். மற்றவர், இரண்டாம் அணியில் எல்லைப் பக்கம் நின்று பந்து பிடிக்கிற பெடியனின் தகப்பன்.

“போன கிழமை உங்கட மகன்ர சட்டையில ஊத்தையே இல்லை. அதாலதான் அவனை எடுப்பம் எண்டு நினைச்சனான்,” என்றார் மாஸ்டர்.

நான் காதைக் கொடுத்தேன்.

“என்ன மாஸ்டர், பகிடியோ?”

“இல்லை அண்ணை. மற்றவங்கள் பாய்ஞ்சு விழுந்து பிடிக்கிறாங்கள். இவன், மட்டையில படேக்கையே பந்து எங்க விழும் எண்டு கண்டு, முன்னமே போய் நிக்கிறான். இண்டைக்கு ஏன் மூண்டு தரம் பாய்ஞ்சு மூண்டையும் விட்டவன்?”

தகப்பன் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்:

“நான்தான் சொன்னனான். பாய்ஞ்சு விழு, அப்பதான் மாஸ்டர்ர கண்ணில படுவாய் எண்டு.”

“அட கடவுளே! ஒவ்வொருக்காலும் உங்களைப் பார்த்துப்போட்டெல்லோ பாய்ஞ்சவன். வாற சனி கடைசி ஆட்டம், அதோட நான் பேர் குடுக்கவேணும். நீங்கள் அந்தப் பக்கம் வரக்கூடாது.”

“ஓம், வரமாட்டன்.” பிறகு மெல்லக் கேட்டார்: “மரத்துக்குப் பின்னால நிண்டு பார்க்கட்டே?”

“பந்து விழுற இடம் தெரிஞ்சவனுக்கு நீங்கள் நிக்கிற இடம் தெரியாதோ, அண்ணை?”